ஒரு சாண் இரும்பு

அத்தியாயம் 11

ஐந்து நாளாகக் கலைமதி அப்பாவோடு பேசவில்லை. அப்பாவும் அவளோடு பேசவில்லை. நடுவில் நின்று, "உங்கப்பா கேக்கறாரு", "உம் பொண்ணு சொல்றா" என்று இரண்டு பக்கமும் தூது போய்க்கொண்டிருந்த அம்மா திரௌபதி, வியாழக்கிழமை காலை ஆறே காலுக்கு கரண்ட் பிடித்து உப்பளத்து ஸ்டார்ட்டர் பெட்டியோடு ஒட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு யாருக்கு யார் மேல் கோபம் என்பது விளங்க வேண்டுமானால் முந்தின சனிக்கிழமைக்குப் போக வேண்டும்.

அன்றுதான் கலைமதியின் கைபேசிக்குச் செய்தி வந்தது. திண்டிவனம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் இடம். வியாழன் மாலை நாலு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும். அம்மாவிடம் காட்டினாள். அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால், சான்றிதழ் ஃபைல் இல்லை.

அப்பா ராஜாங்கம் சாயந்தரம் வந்தார். ஃபைலைக் கிளியனூர் தாண்டி இருக்கிற காலேஜில் கொடுத்தாயிற்று, பி.எஸ்சி. இயற்பியல், அண்ணன் படித்த அதே காலேஜ், அதே பாடம் என்றார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றாள் கலைமதி.

"எதுக்குக் கேக்கணும்? முப்பது வருசமா உப்புத் தண்ணில நிக்கறேன். எம் பொண்ணு ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேலை பாக்கணும்."

"அந்த ஃபேன மாட்டறது யாருப்பா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அவர் தள்ளிவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

இனி அந்த ஸ்டார்ட்டர் பெட்டி.

கன்னியப்பன் முதலாளியின் உப்பளத்தில், கால்வாய்த் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றுகிற மோட்டாருக்கு ஒரு கொட்டகை உண்டு. நாலு சவுக்குக் கம்பு, மேலே ஒரு தகரம். ஒரு கம்பில் மெயின் சுவிட்ச், அடுத்த கம்பில் ஸ்டார்ட்டர் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. ஆணியில் ஒற்றை ரப்பர் செருப்பு தொங்கும். இடது கால் செருப்பு.

அந்தச் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டுதான் பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மேஸ்திரி ராஜாங்கம் முதலில் காட்டுவது அந்தச் செருப்பைத்தான். முதலாளி வந்தாலும் அதை மாட்டிக்கொண்டுதான் அழுத்துவார். உப்புக் காற்றுக்கு இரும்பு அப்படித்தான் கடிக்கும் என்பார்கள். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

கலைமதிக்குப் பட்டது. பரீட்சை முடிந்து அம்மாவுக்கு ஒத்தாசையாக வரப் போக இருந்தவள், இரண்டு வாரத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒரு டெஸ்டர் வாங்கினாள். பெட்டியின் வெளித் தகட்டில் வைத்துப் பார்த்தாள். டெஸ்டருக்குள் விளக்கு எரிந்தது. தனக்குத்தான் தப்பாகத் தெரிகிறதோ என்று மூன்று நாள், மூன்று வேறு நேரங்களில் வைத்துப் பார்த்தாள். மூன்று முறையும் எரிந்தது. அப்புறம்தான் அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

"பெட்டி மேலயே கரண்ட் வருதுப்பா. எர்த் புடிக்கல. வயர்மேன வரச் சொல்லு."

ராஜாங்கத்தின் முகம் ஒரு மாதிரி ஆனது. "இத யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. வாய மூடிக்கிட்டு இரு."

பொம்பளைப் பிள்ளை பேசுகிற பேச்சா இது என்றுதான் அடக்குகிறார் என்று அப்போது அவள் நினைத்தாள்.

வியாழக்கிழமைக்கு வருவோம்.

விடியும் முன் லேசாகத் தூறியிருந்தது. உப்பு கரைகிற அளவுக்கு இல்லை. ஓரக் கம்பு ஆணியில் தொங்கின செருப்பு சாரலில் நனைகிற அளவுக்கு இருந்தது. திரௌபதி செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். பத்தடி பின்னால் குடிதண்ணீர்க் கேனோடு வந்துகொண்டிருந்த கலைமதி அதைக் கண்ணால் பார்த்தாள். அம்மாவின் தோள் உதறுவதையும், வாய் திறந்திருந்தும் சத்தம் வராததையும் பார்த்தாள்.

கேனைப் போட்டுவிட்டு ஓடினாள். அம்மாவிடம் ஓடவில்லை. உப்பு வாரும் பலகை ஒன்று தகரத்துக்கு அடியில் நனையாமல் சாய்ந்திருந்தது. அதைத் தூக்கி மெயின் சுவிட்சின் கைப்பிடி மேல் ஓங்கி அடித்தாள். கைப்பிடி கீழே இறங்கியது. திரௌபதி வரப்பில் விழுந்தாள்.

பாத்திகளில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ராஜாங்கம் கடைசி வரப்பிலிருந்து வந்தார், மூச்சு வாங்க.

"ஏன்டி, செருப்பு போடாம தொட்டியா?" அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"போட்டிருந்தாங்க. நான் பாத்தேன்," என்றாள் கலைமதி.

"மறந்து தொட்டிருப்பா," என்றாள் உடன் வேலை செய்யும் செல்லம்மாள். "எத்தினி வாட்டி சொல்றது."

"அத்தை, போட்டிருந்தாங்கன்றேன் இல்ல. அதோ சேத்துல கெடக்குது பாருங்க."

யாரும் பார்க்கவில்லை. திரௌபதி கண்ணைத் திறந்தாள். "என் கை எங்க?" என்று கேட்டாள். கை மடியில்தான் இருந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

கலைமதிக்கு அந்த இடத்தில் பொறுக்க முடியவில்லை. அடிபட்டுக் கிடக்கிறவளிடமே, அவள் செய்யாத தப்புக்கு நாலு பேர் சேர்ந்து கணக்கு கேட்கிறார்கள். அவள் எழுந்து போய், மெயின் சுவிட்ச் கீழே இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டு, பெட்டியில் கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியைப் பிடித்து இழுத்தாள்.

ஆறடி ஆழத்துக்கு இறங்கியிருக்க வேண்டிய ராடு அது. ஒரு ஆள் இழுத்து அசையக் கூடாது. முள்ளங்கி பிடுங்குகிற மாதிரி வந்தது. ஒரு சாண் நீளம். மீதியை உப்பு மண் தின்றுவிட்டிருந்தது.

"யாரு இத அடிச்சது?"

ராஜாங்கம் திரும்பவில்லை. மனைவியின் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

செல்லம்மாள்தான், கள்ளம் கபடம் இல்லாமல், பதில் சொன்னாள். "உங்கண்ணன் ராஜவேலுதான். காலேஜ்ல ரெண்டாவது வருசம் படிச்சுக்கிட்டிருந்துது அப்ப. டீசல் இஞ்சின எடுத்துட்டு மோட்டார் வச்சாங்களே. வயர்மேன் வந்து, எர்த்துக்குக் குழி தோண்டணும், கரி போடணும், உப்பு போடணும்னாரு. நம்ம தம்பி, பூமியே உப்பா இருக்குது, இதுக்கு மேல எங்கியா உப்பு போடப் போறீங்க, சும்மா ஒரு கம்பிய எறக்குனா போதும்னுச்சு. எல்லாரும் அப்படி சிரிச்சோம். உங்கப்பா முகத்துல அன்னிக்கு இருந்த பெருமையப் பாக்கணுமே."

கலைமதி அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வாரத்துக்கு முன் அவர் முகம் ஏன் அப்படி ஆனது என்று இப்போது தெரிந்தது.

*

மரக்காணம் அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா இதயத் துடிப்பைப் படமெடுத்துப் பார்த்தார். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனாலும் சாயந்தரம் வரைக்கும் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, வலது கை சரியாக ஒரு வாரம் ஆகலாம் என்றார்.

பத்தரைக்கு ராஜவேல் வந்தான். புதுச்சேரியில் டைல்ஸ் கடையில் பில் போடுகிறவன். வீட்டில் அதைக் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்வார்கள். அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான்.

"இன்னிக்குத்தானே உனக்குக் கடைசி நாளு?"

"ஞாபகம் இருக்குதா உனக்கு? ஃபைல எடுத்துக்கிட்டுப் போறப்போ, நான் ஐ.டி.ஐ.க்கு எழுதிப் போட்டிருந்தது ஞாபகம் வரலையா?"

"அப்பா சொன்னாரு. எடுத்துக்கிட்டுப் போனேன்."

"எனக்கு ஒரு போன் பண்ண உனக்குக் கை வரல."

ராஜவேல் காலேஜ் ஆபீசுக்குப் போன் போட்டு, அவளும் கேட்கிற மாதிரி வைத்தான். எதிர்முனையில் ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. சேர்க்கையை ரத்து செய்யலாம், சான்றிதழ்களை உடனே தருவார்கள். அப்பாவோ அம்மாவோ, யாராவது ஒருவர் கடிதத்தோடு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகள் மட்டும் வந்தால் கொடுப்பதில்லை.

கலைமதி நர்ஸிடம் ஒரு தாள் வாங்கிக் கடிதம் எழுதினாள். தேதியை இரண்டு முறை சரிபார்த்தாள்.

"நேர்லதானே வரணும்? நான் வரேன்," என்றாள் திரௌபதி. எழுந்து உட்காரவே செய்துவிட்டாள். "ராஜவேலு, வண்டிய எடு."

"படும்மா."

"எனக்கு ஒண்ணும் இல்லடி. கைதானே."

"படுன்னா படு. நீ வண்டில பாதி வழில மயங்கி விழுந்து வாங்கற பேப்பர் எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டு வார்டுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது. ஒருவேளை அம்மாவைக் கூட்டிப் போயிருக்கலாமோ என்று உடனே தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

ராஜாங்கம் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றிருந்தார். ஐந்து நாளைக்குப் பிறகு முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

"நாலு மணிக்குத்தானே?"

"ஆமா."

"நான் வரேன். கையெழுத்துப் போட்டு வாங்கித் தரேன்."

அவள் நம்பவில்லை. நம்பாமலே கையிலிருந்த கடிதத்தை நீட்டப் போனாள்.

"முதலாளி வந்துக்கிட்டிருக்காரு," என்றார் அவர், குரலைத் தணித்துக்கொண்டு. "கேட்டா, அம்மா செருப்பு போடாம தொட்டுட்டாங்கன்னு சொல்லு. அந்தத் துருப்புடிச்ச கம்பிய எங்கனா தூக்கிப் போடு. வேற ஒண்ணும் நீ பேச வேணாம்."

"அம்மா செருப்பு போட்டிருந்தாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் சொல்றியா?"

"அவ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. உங்கண்ணன் பேரு கெட்டுடும். நம்ம தெருவுல அவன் ஒருத்தன்தான் பட்டம் வாங்கனவன். படிச்சு என்னத்தக் கிழிச்சான்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் என்ன சொல்றது?"

"ரெண்டு வாரமா தெரியும்பா உனக்கு. ரெண்டு வாரம். நான் வந்து சொன்ன அன்னிக்கே வயர்மேன கூப்புட்டிருந்தா?"

"கூப்புட்டா, இத அடிச்சவன் யாருன்னுதான் அவன் மொதல்ல கேப்பான்."

தினமும் காலையில் அம்மாவை அந்தப் பெட்டியிடம் அனுப்பிவிட்டு இந்த மனிதர் கடைசி வரப்பில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணனின் பட்டத்தை ஒரு துரு படாமல் காப்பாற்றிக்கொண்டு.

"எம் மேல உனக்கு இருக்கறது அக்கறைன்னு நினைச்சேன்," என்றாள். "ஃபேனுக்குக் கீழன்னு சொன்னியே. அது எனக்காகவாப்பா?"

ராஜாங்கம் பதில் சொல்வதற்குள் கன்னியப்பன் வந்துவிட்டார். கையில் பிரெட் பாக்கெட்டோடு பின்னால் செல்லம்மாள்.

*

திரௌபதியின் கட்டில் வராந்தாவை ஒட்டிய ஜன்னலோரம் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. கலைமதி அதை உள்ளே வந்த பிறகுதான் கவனித்தாள். வெளியே பேசினதெல்லாம் அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

"என்னம்மா ஆச்சு?" என்று முதலாளி கேட்டார். எல்லோரையும் பொதுவாகத்தான் கேட்டார். கலைமதி வாயைத் திறப்பதற்குள் பதில் கட்டிலிலிருந்து வந்தது.

"என் தப்புதாங்க. அவசரத்துல செருப்பு மாட்டாம தொட்டுட்டேன்."

சொல்லிவிட்டுத் திரௌபதி மகளைப் பார்த்தாள். கிளம்பு, கிளம்பு என்று சொல்லுகிற பார்வை. விலை பேசினது அப்பா. கொடுக்க முன்வந்தது அம்மா. வாங்கிக்கொள்ள வேண்டியது அவள்.

ராஜாங்கம் ராஜவேலிடம் வண்டிச் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார்.

"நல்ல வேளை, உசுருக்கு ஒண்ணும் இல்ல," என்றார் கன்னியப்பன். "பாத்து இருக்கக் கூடாதா? அதுக்குத்தானே ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்குது."

"நாளைலேந்து மோட்டார நான் போடறேன் முதலாளி," என்றாள் செல்லம்மாள். "நான்லாம் செருப்ப மறக்கற ஆளே கிடையாது."

கலைமதி கண்ணை மூடித் திறந்தாள். நாளைக் காலை ஆறே கால். ஆணி. ஈரச் செருப்பு. செல்லம்மாளின் கை.

"போடாதீங்க அத்தை," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"முதலாளி, மோட்டார யாரும் போடக் கூடாதுங்க. எங்கம்மா செருப்பு போட்டிருந்தாங்க. நான் பின்னாடியே வந்தேன், பாத்தேன். பெட்டிக்கு எர்த் இல்லீங்க." துணிப்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றின கம்பியை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். "ஆறடி இருக்க வேண்டியது. இவ்ளோதான் மிச்சம்."

கன்னியப்பன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துரு அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. "யாரு இத அடிச்சது?"

கலைமதி அப்பாவைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. சொல்லுகிற வேலை தன்னுடையது இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தாங்க," என்றான் ராஜவேல்.

"நீயா? நீ படிச்சவனாச்சேப்பா."

கன்னியப்பன் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். ராஜாங்கத்தின் முகத்தில் அந்த ஆச்சரியம்தான் அறை மாதிரி விழுந்தது.

"படிச்ச தைரியத்துலதாங்க வயர்மேன் வாய அடச்சேன்," என்றான் ராஜவேல். "உப்புல கரண்ட் நல்லா எறங்கும்னு படிச்சிருந்தேன். அதே உப்பு இரும்ப நாலு வருசத்துல தின்னுடும்னு எனக்குத் தோணல. பொறந்து வளந்தது உப்பளத்துலதான். கதவுக் கீல்லேந்து சைக்கிள் செயின் வரைக்கும் துருப்புடிக்கறதப் பாத்துக்கிட்டேதான் வளந்தேன். தோணல."

"எத்தினி நாளா இப்படி இருக்குது?"

"எனக்கு ரெண்டு வாரமா தெரியுங்க," என்றாள் கலைமதி.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

அப்பாவுக்கு இது கடைசி வாய்ப்பு என்று கலைமதி நினைத்தாள். ஒரு வார்த்தை. அவ எங்கிட்ட வந்து சொன்னா, நான்தான் தடுத்தேன்னு. அவ்வளவு போதும். மனதுக்குள் பத்து வரை எண்ணினாள். ராஜாங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜவேல் தங்கையை நன்றாக அறிந்தவன். "இவ சொல்லாம இருந்திருக்க மாட்டா," என்றான் மெதுவாக. "யாருகிட்டப்பா சொன்னா?"

கன்னியப்பனும் ராஜாங்கத்தைப் பார்த்தார். செல்லம்மாளும் பார்த்தாள். திரௌபதி மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ராஜாங்கம் மகளிடம் வந்தார். அவள் கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார். நாலாக மடித்தார். வார்டை விட்டு வெளியே போனார்.

ராஜவேல் பின்னாலேயே ஓடினான். பத்து நிமிஷம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தான்.

"வண்டில கூட்டிக்கிட்டுப் போறேன்னேன். வேணாம்னுட்டாரு. எங்க போறன்னேன். பேனா இருக்குதான்னு கேட்டாரு. குடுத்தேன். சட்டைப்பைல வச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டாரு."

"எந்த பஸ்ஸு?"

"கூட்டம். போர்டு பாக்கல."

"கையெழுத்து?"

"போடல. போடலன்னா, எம் முன்னாடி போடல."

"போட்டாலும் நான் அவரோட பேச மாட்டேன்," என்றாள் கலைமதி.

"பேசாத," என்று சுவர்ப் பக்கமிருந்து திரௌபதியின் குரல் வந்தது. அழுதிருந்தாள். ஆனால் குரல் கெட்டியாக இருந்தது. "யாரு உன்னைப் பேசச் சொன்னா? நீ திண்டிவனம் கிளம்பு. பேப்பர் வந்தா வரட்டும். வரலன்னா அங்க இருக்கற ஆபீசர்கிட்ட நீயே வாயத் தொறந்து கேளு, ஒரு நாள் குடுங்கன்னு. முதலாளிகிட்டப் பேசத் தெரிஞ்சுதில்ல? செல்லம்மா எனக்குத் துணைக்கு இருப்பா. இங்க நின்னு என் கையப் பாத்துக்கிட்டிருந்தா சீட்டு வராது."

மணி பன்னிரண்டு ஐம்பது.

ராஜவேல் வண்டியைக் கிளப்பினான். கலைமதி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பையில் டெஸ்டர் இருந்தது, கைபேசி இருந்தது. ஐ.டி.ஐ.யில் கேட்கிற ஒரு தாளும் இல்லை.

"கிளியனூர் வழியா போவட்டுமா? அப்பா காலேஜ்ல இருக்காரான்னு ஒரு எட்டு பாத்துடலாம்."

அதுதான் புத்திசாலித்தனம் என்று அவளுக்குத் தெரியும். அரை மணி சுற்று. இருந்தால் ஃபைலை வாங்கிக்கொண்டு நேராகப் போய்விடலாம். இல்லாவிட்டால், இல்லை என்றாவது தெரிந்துவிடும்.

"வேணாம்," என்றாள். "அவரு பின்னாடி நான் போவ மாட்டேன். நேரா போ."

ஊர் எல்லை தாண்டி முதல் மைலிலேயே, தப்பு செய்துவிட்டோமோ என்று ஆரம்பித்துவிட்டது. வண்டியைத் திருப்பு என்று சொல்ல இரண்டு முறை வாயெடுத்தாள். இரண்டு முறையும் அம்மா, "என் தப்புதாங்க" என்று சொன்ன குரல் காதில் விழுந்தது. கலைமதி வாயை மூடிக்கொண்டு அண்ணனின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.